தொலைக்காட்சி நகைச்சுவை, சமூகச் சிக்கல்கள், அரசியல்: தில்லித் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆர்.கே. புரத்தின் அரசுக் குடியிருப்பிலும் மயூர் விஹாரின் அடுக்குமாடி வீட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா பாட்டிக்குத் தமிழ் அலைவரிசை, பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தித் தொடர், கல்லூரியில் படிப்பவர்களுக்கு ஆங்கிலத் தொடர் என்று மூன்று மொழி நகைச்சுவை ஒரே கூரையின் கீழ் ஓடுகிறது. ஒருவர் சிரிக்கும் இடத்தில் இன்னொருவர் முகம் சுளிப்பதும், அதிலிருந்து வாக்குவாதம் பிறப்பதும் இயல்பு. அப்படி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

சிரிக்க வைப்பதுதானே நகைச்சுவையின் வேலை? அதில் சமூகச் சிக்கலை ஏன் கொண்டுவர வேண்டும்?

தனியாகக் கொண்டுவர வேண்டியதில்லை. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மாதக் கடைசியின் பணமுடை, வீட்டு வாடகை, மாமியார் மருமகள் பூசல், மகளின் திருமணம் என்று குடும்ப நகைச்சுவை எதைத் தொட்டாலும், யார் உழைக்கிறார், யார் முடிவெடுக்கிறார், யாருடைய பேச்சு எடுபடுகிறது என்ற கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கும் மனைவியின் சமையலைக் கணவன் கிண்டல் செய்ய, அவளும் சேர்ந்து சிரித்துவிடும் காட்சியில் கருத்து எதுவும் இல்லை என்று நினைக்கிறோம். அது நமக்குப் பழகிப்போன கருத்து என்பதால்தான் கருத்தாகக் கண்ணில் படுவதில்லை.

தொலைக்காட்சி நகைச்சுவைக்கு இன்னொரு இயல்பும் உண்டு. வாரந்தோறும் வரும் தொடரில் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு குழப்பம் நேர்ந்து, முடிவில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் அடுத்த வாரம் அதே பாத்திரங்களை அதே குணங்களோடு காட்ட முடியும். கஞ்சன் கஞ்சனாகவே இருக்க வேண்டும், அடங்கிய மருமகள் அடங்கியே இருக்க வேண்டும். மாற்றம் வேண்டும் என்று பேசும் எழுத்தாளர்கூட மாறாமல் இருப்பதையே அடித்தளமாகக் கொண்ட வடிவத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. சமூகச் சிக்கலைத் தொடும் நகைச்சுவைத் தொடர்களின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த முரணை அவை எப்படிச் சமாளிக்கின்றன என்பதில் இருக்கிறது.

இத்தகைய தொடர்கள் எங்கே, எப்போது தொடங்கின?

பலரும் முதலில் குறிப்பிடுவது 1971 ஜனவரியில் அமெரிக்காவின் சி.பி.எஸ். அலைவரிசையில் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரைத்தான். நார்மன் லியர் உருவாக்கிய அத்தொடருக்கு முன்மாதிரி, ஜானி ஸ்பெய்ட் எழுதி பி.பி.சி. ஒளிபரப்பிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்ற பிரிட்டிஷ் தொடர். ஆர்ச்சி பங்கர் என்ற தொழிலாளி கறுப்பினத்தவரையும் யூதர்களையும் பெண்ணுரிமை பேசுவோரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவார். அதே வீட்டில் வாழும் மருமகன் அவரை எதிர்த்து வாதிடுவார். வியட்நாம் போரும் இன வெறுப்பும் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. அத்தொடர் தொடர்ந்து 5 பருவங்கள் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட தொடராக இருந்தது. அதிலிருந்து கிளைத்த 'மோட்' தொடரில், நடுவயதைக் கடந்த நாயகி கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கும் கதை 1972 நவம்பரில் வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதற்குமாக ஏற்றது அதற்கு அடுத்த ஜனவரியில்தான்.

நம் நாட்டில் இதற்கு இணையான காலம் 1980-களின் தூர்தர்ஷன். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வாழ்ந்த ஆர்.கே. லக்ஷ்மணின் கற்பனையில் உருவாகி, குந்தன் ஷா இயக்கத்தில் 1988-இல் வந்த 'வாக்ளே கி துனியா', நடுத்தர வர்க்க எழுத்தரின் அன்றாட அல்லல்களைப் பேசியது. அடுத்த ஆண்டு ஜஸ்பால் பட்டியின் 'ஃப்ளாப் ஷோ' வந்தது. போலி மருத்துவச் செலவுக் கணக்கு காட்டுவோரையும் ஆய்வு மாணவரை வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் பேராசிரியரையும் அது காட்டியது. அரசு ஊழியர்கள் நிறைந்த தில்லியில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர் தங்களையும் அதில் அடையாளம் கண்டிருப்பார்கள். ஊழலை எங்கோ மேலே இருக்கும் ஒருவரின் குற்றமாகக் காட்டாமல், பார்ப்பவரின் மேசை இழுப்பறைக்குள்ளேயே காட்டியதுதான் அத்தொடரின் துணிவு. அதே வேளையில், அரசின் அலைவரிசை சிறிய அதிகாரிகளைக் கேலி செய்ய இடம் தந்த அளவுக்கு ஆட்சியாளர்களைக் கேலி செய்ய இடம் தந்ததில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

பிற்போக்கான பாத்திரத்தைக் கேலி செய்து காட்டினால், அப்படிப்பட்டவர்கள் திருந்துவார்களா?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல நோக்கம் ஒன்றே போதும் என்று நம்புகிறவர்கள் ஆராய்ச்சி முடிவுகளைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரை அமெரிக்க இளைஞர்களும் கனடாவின் பெரியவர்களும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டறிந்தார்கள். இன வெறுப்பு குறைந்தவர்களும் மிகுந்தவர்களும் அத்தொடரை ரசித்தார்கள். ஆனால் இன வெறுப்பு மிகுந்தவர்கள் ஆர்ச்சி பங்கரைத்தான் பெரிதும் விரும்பினார்கள். அவர் பேசுவதில் நியாயம் இருப்பதாகவும், வாதத்தில் முடிவில் அவரே வெல்வதாகவும் கருதினார்கள். எழுத்தாளர் யாரைக் கேலி செய்ய நினைத்தாரோ, அவரையே தங்கள் சார்பில் துணிந்து பேசும் மனிதராக அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின், 2009-இல், லமார் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஸ்டீஃபன் கோல்பேரின் நிகழ்ச்சியை வைத்து இதே போன்ற முடிவுக்கு வந்தார்கள். வலதுசாரித் தொலைக்காட்சி வருணனையாளரைப் போல வேடம் கட்டிக் கேலி செய்தவர் அவர். நிகழ்ச்சி வேடிக்கையாக இருக்கிறது என்பதில் இரு தரப்பாருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அவர் கேலி செய்வதுபோல் நடிக்கிறாரே தவிர, சொல்வதை உண்மையாகவே நம்புகிறார் என்று பழமைவாதப் பார்வையாளர்கள் கூடுதலாக எண்ணினார்கள்.

நம் வீடுகளிலும் இது நடப்பதைக் காணலாம். சாதிப் பெருமை பேசும் பெரியவரையோ மருமகளை ஓயாமல் குறை கூறும் மாமியாரையோ ஒரு தமிழ்த் தொடர் வேடிக்கையாகக் காட்டும்போது, பேத்தி அந்தப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பாள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர் அந்தப் பாத்திரத்தோடு சேர்ந்து சிரிப்பார். இருவருக்கும் நிறைவு, இருவருடைய கருத்திலும் மாற்றம் இல்லை. அலைவரிசை நிறுவனத்துக்கும் அதுதான் வசதி, ஏனென்றால் இரு தரப்பாரும் விளம்பர இடைவேளை வரை எழுந்து போவதில்லை.

இதற்காக நகைச்சுவையால் எந்த மாற்றமும் வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறொரு வழியில் மாற்றம் நிகழ்வதற்குச் சான்று இருக்கிறது. 1998-இல் தொடங்கிய 'வில் அண்ட் கிரேஸ்' தொடரில் தன்பால் ஈர்ப்புள்ள வழக்கறிஞர் முதன்மைப் பாத்திரமாக, வாரந்தோறும் வீட்டுக்கு வந்துபோகும் நண்பரைப் போல ஆனார். அத்தொடரை அடிக்கடி பார்த்தவர்களிடம் தன்பால் ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பு குறைவாக இருந்ததை எட்வர்ட் ஷியாப்பா முதலானோரின் 2006 ஆய்வு கண்டது; நேரில் அப்படிப்பட்டவர்கள் யாரையும் அறியாதவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. வெறுப்பு குறைந்தவர்களே அத்தொடரைத் தேர்ந்து பார்த்திருக்கலாம் என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. ஆனாலும் இரண்டு வகை ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது: வெறுப்பவரை நடுவில் வைத்துக் கேலி செய்வதைவிட, வெறுக்கப்படுபவரை நடுவில் வைத்து, குறை நிறைகள் எல்லாம் உள்ள மனிதராகப் பழக விடுவது நெஞ்சைத் தொடுகிறது.

அப்படியானால் ஒரு தொடரை எப்படி எடைபோடுவது?

சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பார்ப்பது வழக்கம். நான் அதோடு இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன்: சிரிக்கப்படுபவருக்குப் பதில் பேச இடம் தரப்பட்டிருக்கிறதா?

2001-இல் சப் டிவியில் வந்த 'ஆஃபீஸ் ஆஃபீஸ்' தொடரில் பங்கஜ் கபூர் நடித்த முசத்திலால் எல்லா அலுவலகங்களிலும் ஏமாற்றப்படுகிறார். ஆயினும் கதை அவர் கண் வழியாகவே நகர்கிறது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதே நடிகர்களே அங்கே ஊழியர்களாக அமர்ந்திருப்பார்கள். இடம் மாறினாலும் லஞ்சம் கேட்கும் முகம் மாறுவதில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் உணர்த்திய ஏற்பாடு அது. முசத்திலாலின் அப்பாவித்தனம் நமக்குச் சிரிப்பு மூட்டினாலும் அவர்மேல் ஏளனம் பிறப்பதில்லை.

பிரிட்டனில் குடியேறிய தெற்காசியர்களின் பிள்ளைகள் 1998 முதல் பி.பி.சி.யில் நடத்திய 'குட்னெஸ் கிரேஷியஸ் மீ' இன்னும் நேரடியானது. ஆங்கிலேயர் இரவில் குடித்துவிட்டு இந்திய உணவகத்தில் பரிமாறுபவரின் பெயரைச் சிதைத்துக் கேலி செய்வதை, பம்பாய் நண்பர்கள் சிலர் ஆங்கில உணவகத்துக்குச் சென்று இருப்பதிலேயே சப்பென்ற பண்டம் எது என்று கேட்பதாக அவர்கள் மாற்றிக் காட்டினார்கள். யாருக்கும் அங்கே அறிவுரை சொல்லப்படவில்லை. கேலிக்கு உள்ளானவர்களே அந்தக் கேலியை எடுத்து எழுதினார்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

பின்னணிச் சிரிப்பொலி நம் கருத்தை மாற்றுமா?

எங்கே சிரிக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொடுக்கிறது. அதை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதும் ஒரு கருத்துதான்: கொரியப் போரின் மருத்துவ முகாமைப் பற்றிய 'மாஷ்' தொடரில் அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் சிரிப்பொலி சேர்க்கப்படவில்லை. நம் தமிழ் நகைச்சுவைப் போட்டிகளில் நடுவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதைக் காட்டும் நெருக்கக் காட்சிகளும் சிரிப்பொலியின் வேலையையே செய்கின்றன.

கட்சியின் பெயரைச் சொல்லாமல் அரசியல் பேச முடியுமா?

முடியும் என்பதற்கு 1980 முதல் பி.பி.சி.யில் வந்த 'எஸ் மினிஸ்டர்' சான்று. அமைச்சர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று கடைசி வரை சொல்லப்படவில்லை. அமைச்சர் ஒரு மாற்றத்தைக் கொண்டுவர முயல்வார். துறைச் செயலாளர் நீண்ட, பணிவான வாக்கியங்களால் அதைத் தடுப்பார். அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்கே மிகவும் பிடித்த தொடர் அது. இதன் இந்திய வடிவமான 'ஜி மந்த்ரிஜி' 2001-இல் ஸ்டார் பிளஸ்ஸில் வந்தது. அமைச்சராக ஃபரூக் ஷேக் நடித்தார். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எத்தனை கையெழுத்து வேண்டும் என்று சொந்த அனுபவத்தில் அறிந்த தில்லித் தமிழர்கள், எழுத்தராகச் சேர்ந்து பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவர்கள், இத்தகைய தொடரை மற்றவர்களைவிட நுட்பமாக ரசிக்கக்கூடியவர்கள்.

ஆனால் கட்சிப் பெயர் இல்லை என்பதால் அரசியல் சார்பும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அதிகாரிகள் தங்கள் துறையை வளர்த்துக்கொள்வதிலேயே குறியாக இருப்பார்கள், அரசு எதைச் செய்ய முனைந்தாலும் வீண்செலவில் முடியும் என்ற பார்வை அத்தொடர் முழுவதும் ஓடுகிறது. அது ஒரு தெளிவான அரசியல் நிலைப்பாடு. பொது மருத்துவமனையையும் பங்கீட்டுக் கடையையும் நம்பி வாழ்பவர்களுக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கொள்வது எளிதன்று.

தமிழ் அலைவரிசைகளில் அரசியல் நகைச்சுவைத் தொடர்கள் ஏன் அரிது?

தமிழர்களுக்கு அரசியல் நகைச்சுவை புதிதல்ல. என்.எஸ். கிருஷ்ணனும் எம்.ஆர். ராதாவும் சிரிப்பின் வழியே சமூகத்தைக் கேள்வி கேட்டவர்கள். சோ 1968-இல் மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்' நாடகம் ஆட்சியாளர்களை நேருக்கு நேர் கிண்டல் செய்தது. மேடையிலும் திரையிலும் இருந்த அந்தத் துணிவு தொலைக்காட்சிக்கு வந்தபோது மங்கிப்போனதற்கு முதன்மையான காரணம் அலைவரிசைகளின் உடைமை என்பது என் கணிப்பு.

1993 ஏப்ரலில் தொடங்கிய சன் டிவி, தி.மு.க. தலைவர்களுள் ஒருவரான முரசொலி மாறனின் மகன் கலாநிதி மாறனுடையது. 1999-இல் வந்த ஜெயா டிவி அ.தி.மு.க. சார்போடு தொடங்கியது. மக்கள் தொலைக்காட்சி பா.ம.க.வோடும், கலைஞர் தொலைக்காட்சி தி.மு.க.வோடும், கேப்டன் டிவி தே.மு.தி.க.வோடும் தொடர்புடையவை. தன் கட்சியைக் கேலி செய்ய எந்த அலைவரிசையும் இடம் தராது. எதிர்க்கட்சியை மட்டும் கேலி செய்தால் அது நகைச்சுவை என்ற நிலையிலிருந்து பிரசாரம் என்ற நிலைக்கு இறங்கிவிடும். எனவே நகைச்சுவைக் கலைஞர்கள் திரைப்படத்தைக் கேலி செய்யும் பக்கம் திரும்பினார்கள். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' அந்த வகையில் சிறந்து விளங்கியது. பல குரல் கலைஞர்களும் நடிகர்களின் குரல்களிலேயே நின்றுவிட்டார்கள். குடும்பம், பெண் கல்வி, முதியோர் நலன் போன்ற சிக்கல்களுக்குப் பண்டிகை நாள் பட்டிமன்றங்கள் இடம் தந்தன. ஆயினும் இரு தரப்பையும் தட்டிக்கொடுத்து முடிக்கும் அதன் மரபு யாரையும் நோகச் செய்யாமல் பார்த்துக்கொள்கிறது.

சிறுவர் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒன்றிய அரசு நோட்டீஸ் அனுப்பியதே, என்ன நடந்தது?

2022 ஜனவரியில், பொங்கலையொட்டி, ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் இரு சிறுவர்கள் அரசனும் அமைச்சருமாக நடித்தார்கள். கறுப்புப் பணத்தை ஒழிப்பதாகச் சொல்லி நாணயத்தைச் செல்லாததாக்கிய அரசனைப் பற்றிய நாடகம் அது. அது பிரதமரை இழிவுபடுத்துவதாகத் தமிழக பா.ஜ.க. புகார் கூறியதை அடுத்து, தில்லியிலுள்ள தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அலைவரிசைக்கு நோட்டீஸ் அனுப்பி 7 நாட்களுக்குள் விளக்கம் கேட்டது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருள் விளங்கும் வயது வராத பிள்ளைகளின் வாயில் பெரியவர்கள் அரசியல் வசனத்தை வைக்கலாமா என்பது ஒன்று; அதில் பெற்றோருக்கு நியாயமான தயக்கம் இருக்கலாம். ஆட்சியின் பொருளாதார முடிவு ஒன்றை அரசன் கதையாக்கிச் சிரிக்கலாமா என்பது மற்றொன்று. தவறு செய்யும் மன்னனை அவையிலேயே இடித்துரைக்கும் உரிமையைப் புலவர்களுக்குத் தந்த மொழி நம்முடையது. எனவே இரண்டாவது கேள்விக்கு என் விடை, ஐயத்துக்கு இடமின்றி, 'சிரிக்கலாம்' என்பதே.

நகைச்சுவைக்காகக் கைதானவர்கள் உண்டா?

உண்டு. கபில் சர்மாவின் நிகழ்ச்சி வழியாகப் பெயர் பெற்ற கிக்கு சார்தா, ஜீ டிவி நிகழ்ச்சி ஒன்றில் தேரா சச்சா சௌதா தலைவர் குர்மீத் ராம் ரஹீமைப் போல நடித்துக் காட்டியதற்காக, மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கூறும் 295-ஏ பிரிவின் கீழ் 2016 ஜனவரியில் ஹரியானா காவல்துறையால் கைது செய்யப்பட்டுப் பிணையில் வெளிவந்தார். அவர் யாரைப் போல நடித்தாரோ அந்தச் சாமியார் மறு ஆண்டு ஆகஸ்டில் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்தப் பிரிவு, அதற்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு அதில் இடமுண்டு.

கைதைவிட அதிகம் நிகழ்வது, பதிவான காட்சி ஒளிபரப்பாகாமல் போவதுதான். பிரதமரைப் போலப் பேசிக் காட்டிய தன் நிகழ்ச்சி ஒளிபரப்பப்படவில்லை என்று பல குரல் கலைஞர் ஷியாம் ரங்கீலா 2017-இல் வெளிப்படையாகக் கூறினார்.

இந்தித் தொடர்களில் தமிழர் கேலிப்பொருளாக வருகிறார்களே, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

வேட்டி, விபூதி, உச்சரிப்புக் கோளாறு, நொடிக்கொரு 'ஐயையோ' என்ற வார்ப்பு 1968-இன் 'படோசன்' படத்தில் மெஹ்மூத் நடித்த பாட்டு வாத்தியார் காலத்திலேயே உறுதிப்பட்டுவிட்டது. 2008 ஜூலையில் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' தொடரின் ஐயர் அதன் தொடர்ச்சி. அவர் அறிவியலாளர், நேர்மையானவர், அக்கம்பக்கத்தார் மதிப்பவர். அந்த அளவுக்கு முன்னேற்றம் இருக்கிறது. ஆனால் அவருடைய கறுத்த நிறமும், அழகான வங்காளப் பெண் எப்படி இவரை மணந்தாள் என்ற வியப்பும் ஆண்டுக்கணக்காக வேடிக்கையாக நீடிக்கின்றன. அவரை நடிப்பவரும் தமிழர் அல்லர்.

இதே தொடர் மொழியின் கூர்மையையும் அனுபவித்தது. 2020 மார்ச்சில் ஒரு பாத்திரம், மும்பையின் மொழி இந்தி என்பதால் அறிவிப்புப் பலகையில் இந்தியில் எழுதுகிறோம், சென்னையாக இருந்தால் தமிழில் எழுதியிருப்போம் என்று பேசியது. மராட்டியமே மும்பையின் மொழி என்று மகாராஷ்டிர நவநிர்மாண் சேனா கண்டித்த பின், தொடரின் தரப்பிலிருந்து வருத்தம் தெரிவிக்கப்பட்டது. ஒரு பாத்திரம் போகிற போக்கில் சொல்லும் வரியில் எவ்வளவு அரசியல் அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

என்னை உண்மையில் வருத்துவது, திரையில் வராத தமிழர்கள். 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்ட ஜங்புரா மதராசி முகாமில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள் வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து தில்லியைத் தாங்கிய தமிழ்க் குடும்பங்கள். தொலைக்காட்சி நகைச்சுவையின் தமிழர் எப்போதும் படித்த, மேல்சாதி, நல்ல சம்பளக்காரராகவே இருக்கிறார்; அந்த முகாமின் பெண்ணொருத்தி தன் எசமானியை எப்படிப் பார்த்துச் சிரிப்பாள் என்று எழுத இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளியில் 'இட்லி சாம்பார்' என்று அழைக்கப்பட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம், அது வெறும் வேடிக்கை, பொருட்படுத்தாதே என்று சொல்லாதீர்கள். அந்தக் காட்சியைச் சேர்ந்து பார்த்து, இதை எழுதியவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும், என்ன தெரியாது என்று பேசுங்கள். பிறகு நம் தமிழ் நிகழ்ச்சிகள் வடமாநிலத் தொழிலாளர்களை எப்படிக் காட்டுகின்றன என்பதையும் அதே பிள்ளையோடு பேசுங்கள். பான் மென்றுகொண்டு தமிழைக் கொன்று பேசும் அந்தப் பாத்திரத்துக்கும் ஐயருக்கும் அதிக வேறுபாடு இல்லை என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

உருவக் கேலி, மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கேலி ஆகியவற்றுக்கு எல்லை உண்டா?

சட்டத்தின் பார்வையில் இதற்கு முக்கியமான வழிகாட்டி, உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8-இல் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் அளித்த தீர்ப்பு. மாற்றுத்திறனாளிகளை இழிவாகக் காட்டியதாகத் திரைப்படம் ஒன்றின் மீது தொடரப்பட்ட வழக்கு அது. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு நகைச்சுவையை இரண்டாகப் பிரித்தது. உடற்குறையோடு வாழ்வதைப் பற்றிய பழைய எண்ணங்களைக் கேள்விக்குள்ளாக்கி, அந்த வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவை ஒன்று. அத்தகையோரைச் சிறுமைப்படுத்தி ஒதுக்கும் நகைச்சுவை மற்றொன்று. படத்தின் காட்சிகளை வெட்டச் சொல்லாமல் படைப்புச் சுதந்திரத்தை மதித்த நீதிமன்றம், இழிசொற்களைத் தவிர்த்தல், மாற்றுத்திறனாளிகளையே கலந்து பேசுதல் உள்ளிட்ட வழிகாட்டுதல்களைக் காட்சி ஊடகங்களுக்கு வகுத்தது.

தமிழ் நகைச்சுவைப் போட்டிகளை இந்த அளவுகோலால் பார்த்தால் வேதனையே மிஞ்சும். கறுப்பு நிறம், பருமன், வழுக்கை, திக்குவாய் ஆகியவை இன்றும் தேய்ந்துபோகாத மூலப்பொருள்கள். புடவை கட்டிய ஆணைக் கண்டு மேடையே சிரிக்கும் காட்சிகளில், திருநங்கையரைப் பற்றிய ஏளனமும் பெண்களைப் பற்றிய ஏளனமும் கலந்தே வருகின்றன. திருநங்கையரின் அடையாளத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஏற்றுவிட்டது. நம் மேடைகள் இன்னும் ஏற்கவில்லை.

இணையத் தளங்களில் வரும் தொடர்களுக்கும் தொலைக்காட்சிக்கான விதிகள்தானா?

இல்லை. அவை 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் வருகின்றன. நிகழ்ச்சியை வயது வாரியாகத் தாங்களே வகைப்படுத்திக் காட்ட வேண்டும்.

ஒரு நிகழ்ச்சி வரம்பு மீறியதாகத் தோன்றினால் எங்கே புகார் செய்வது?

திரைப்படத்துக்கு இருப்பதுபோல் தொலைக்காட்சித் தொடர்களுக்கு முன்தணிக்கை கிடையாது. 1994-இன் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6-ஆம் விதியாக உள்ள நிகழ்ச்சி நெறிமுறையை அலைவரிசைகள் பின்பற்ற வேண்டும். மதங்களைத் தாக்குவது, பெண்களையும் குழந்தைகளையும் இழிவாகக் காட்டுவது ஆகியவற்றோடு, குறிப்பிட்ட இன, மொழி, வட்டார மக்களை அவதூறாகவும் ஏளனமாகவும் சித்திரிப்பதும் அதில் தடை செய்யப்பட்டிருக்கிறது. தில்லித் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய பிரிவு இது. தனிமனிதரைக் குறைகூறுவதையே தடுக்கும் பிரிவும் அதே விதியில் இருக்கிறது. அரசியல்வாதிகள் இதைப் பயன்படுத்தும் வாய்ப்பு மிகுதி என்பதால், அதை இன்னும் குறுக்கி எழுத வேண்டும் என்பது என் கருத்து.

2021 ஜூனில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி புகாருக்கு மூன்று படிகள் உண்டு. முதலில் அலைவரிசைக்கே எழுத வேண்டும். அவர்கள் 15 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அதில் நிறைவில்லை என்றால், அந்த அலைவரிசை சார்ந்துள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் செல்லலாம். பொழுதுபோக்கு அலைவரிசைகள் பலவற்றுக்கு அது 2011-இல் தொடங்கிய ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம். அதன் பின்னரே ஒன்றிய அரசின் குழு வருகிறது. புகாரில் அலைவரிசையின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான நாளும் நேரமும், குறிப்பிட்ட வசனம் அல்லது காட்சி, அது நெறிமுறையின் எந்தப் பிரிவை மீறுகிறது என்ற விளக்கம் ஆகியவற்றை எழுத வேண்டும். நிகழ்ச்சி பொதுவாக மோசம் என்று மட்டும் எழுதினால் நடவடிக்கைக்கு வழியிருக்காது.